தயிர்ச் சட்டியும் கிறீம் போத்தலும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த மேடையில் நான் கடைசியாக ஒலிவாங்கிக்கு முன் நின்றது ஒரு பேச்சுப் போட்டிக்காக. பாதியில் எல்லாம் மறந்துபோய் அழுதுகொண்டு இறங்கினேன். அதனால் இன்று தாளைப் பார்த்துத்தான் வாசிக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் அனுப்பிய அழைப்பில் ஒரு வேண்டுகோள் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். வீட்டில் பாவிக்கும் முகக் கிறீமில் ஒன்றைக் கைப்பையில் கொண்டுவரும்படி கேட்டிருந்தோம். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் இங்கே உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தேன். ஒருநாள் ரீச்சர் விடுதிச் சமையலறையிலிருந்து ஒரு சட்டி தயிரும், குளியலறையிலிருந்து ஒரு துண்டுச் சவர்க்காரமும் எடுத்துவரச் சொன்னார். நீலப் பாசிச்சாயத்தாள் தயிரில் சிவந்தது. சவர்க்கார நீரில் சிவப்புத் தாள் நீலமானது. அது சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம் என்று நாங்கள் சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை. “பிள்ளைகள், உங்கட முகம் எந்தப் பக்கம்? தயிர்ப் பக்கமோ, சவர்க்காரப் பக்கமோ?” என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பின்பு இங்கிலாந்தில் முகக் கிறீம்கள் தயாரிக்கும் ஆய்வுகூடமொன்றில் 20 வருடங்களுக்கு மேல் வேலை செய்தேன். அந்தக் கேள்வியை விட்டு நான் அதிகதூரம் போகவில்லை என்றே இப்போது தோன்றுகிறது.

முகம் தயிர்ப் பக்கம்தான். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பில் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 4.5 இலிருந்து 5.5 வரை. ஜேர்மனியைச் சேர்ந்த ஷாடே, மார்க்கியோனினி என்ற இருவர் 1928 இல் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயரிட்டார்கள். சாதாரணக் குளியல் சவர்க்காரத்தின் பெறுமானம் 9 அல்லது 10. இரசாயனவியல் படித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. ஐந்து படி வித்தியாசம் என்றால் ஓர் இலட்சம் மடங்கு. சவர்க்காரம் போட்டுக் கழுவிய முகம் பழைய புளிப்புக்குத் திரும்பச் சில மணித்தியாலங்கள் வரை எடுக்கலாம். அதற்குள் நாம் திரும்பவும் கழுவிவிடுகிறோம். போதாததற்கு எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டப்பட்டவை. அந்தக் கடின நீரில் சவர்க்காரம் நுரைக்காது, கழுவினாலும் முழுதாகப் போகாது, தோலில் ஒரு படிவாக ஒட்டிக்கொள்ளும். விடுதியில் இருந்தவர்களுக்கு வாளியின் விளிம்பில் படிந்த அந்த வெள்ளைப் படை நினைவிருக்கும்.

அந்தப் புளிப்பு ஏன் முக்கியம்? தோலின் மேற்படையை ஒரு மதிலாக நினைத்துக்கொள்ளுங்கள். இறந்து தட்டையான கலங்கள் கற்கள். அவற்றுக்கு இடையில் இருக்கும் கொழுப்புச் சாந்தில் ஏறத்தாழ அரைவாசி செரமைட் என்ற பொருள், மிச்சம் கொலஸ்திரோலும் கொழுப்பமிலங்களும். செரமைட்டை உண்டாக்கும் நொதியங்கள் புளிப்பான சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். புளிப்புக் குறைந்தால் சாந்து குறையும். சாந்து குறைந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் உறுத்தல் உள்ளே போகும். அத்துடன் அந்த மதிலில் குடியிருப்பவர்களும் மாறுவார்கள். எங்கள் தோலில் ஸ்டெபிலோகொக்கஸ் எபிடேர்மிடிஸ் போன்ற பற்றீரியாக்கள் பெரும்பாலும் சமாதானமாக வாழ்கின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் முரடு. புளிப்புக் குறைந்த தோல் அதற்குத்தான் வசதி. எங்கள் அம்மம்மாமார் கரப்பன் என்று சொன்ன எக்ஸிமா கிளம்பும்போது, அந்த இடத்தில் இந்த முரடன்தான் பெருகி நிற்பான். சிலருக்கு இந்த மதில் பிறப்பிலேயே பலவீனம். ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்புக் கூடும் என்று 2006 இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே கரப்பன் உள்ள பிள்ளையின் தாயை “நீ ஒழுங்காகக் கழுவவில்லை” என்று ஏசுவதை நாங்கள் நிறுத்தலாம்.

இனி ‘உணர்திறன் கூடிய தோல்’ என்று சொல்வது எது என்று பார்ப்போம். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத வெயில், காற்று, தண்ணீர், கிறீம் ஆகியவை பட்டதும் ஒருவருக்கு எரிவு, குத்தல், கடி, இறுக்கம் வருமானால் அவருடைய தோல் அத்தகையது. வெளியில் சிவப்புத் தெரியலாம், தெரியாமலும் விடலாம். ஒன்றும் தெரியாதபோது வீட்டிலுள்ளவர்கள் “சும்மா பாவனை” என்பார்கள். பாவனை இல்லை. இதைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. 1977 இல் ஃபுரொஷ், கிளிக்மன் என்ற இரு தோல் வைத்தியர்கள் அதை விவரித்தார்கள். மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள மடிப்பில் ஓர் அமிலக் கரைசலைப் பூசிச் சில நிமிடங்கள் விட்டு, எவ்வளவு எரிகிறது என்று கேட்பார்கள். என்ன அமிலம் தெரியுமா? இலற்றிக்கமிலம். தயிரின் புளிப்பு!

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். யாருடைய தோல் உணர்திறன் கூடியது என்று கண்டுபிடிக்க வைத்தியர்கள் தேர்ந்தெடுத்த பொருளைத்தான், அதே தோல் உள்ள பிள்ளைகளுக்கு “தயிர் பூசு, குளிர்ச்சி” என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாதாரணத் தோலுக்குத் தயிர் பெரிய கெடுதல் செய்யாது. கழுவியவுடன் வழுவழுப்பாகவும் இருக்கும், அது கொழுப்பும் இலற்றிக்கமிலமும் செய்யும் வேலை. எரியும் தோலுக்கு அது ஒரு பரீட்சை, மருந்தல்ல.

தயிரில் இருக்கும் பற்றீரியாக்களின் புகழ் தோலில் தொடங்கியதல்ல, வயிற்றில் தொடங்கியது. பல்கேரியரான ஸ்டாமென் கிரிகோரொவ் 1905 இல் தன் நாட்டுத் தயிரில் ஒரு பற்றீரியாவைக் கண்டார். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த எலி மெச்னிக்கொஃப், தயிர் குடிப்பவர்கள் நெடுநாள் வாழ்வார்கள் என்று 1907 இல் எழுதினார். அடுத்த வருடம் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது தயிருக்காக அல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய ஆய்வுக்காக. விளம்பரம் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுவார்கள், கவனமாயிருங்கள்.

2001 இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூடிப் ‘புரோபயோட்டிக்’ என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கொடுத்தன. போதிய அளவில் கொடுக்கும்போது உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர் என்பது அதன் சாரம். ‘உயிருள்ள’, ‘போதிய அளவில்’ என்ற இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொண்டு, இப்போது கிறீம் போத்தலைத் திறப்போம்.

போத்தலுக்குள் உயிருள்ளது எதுவும் இல்லை. இருக்கவும் கூடாது. ஒப்பனைப் பொருட்களுக்கான சர்வதேச நியமத்தின்படி ஒரு கிராம் கிறீமில் 1000 நுண்ணுயிருக்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கும் சிறு குழந்தைகளுக்குமானவற்றில் 100. வயிற்றுக்கு எடுக்கும் புரோபயோட்டிக் குளிசைகளிலோ கணக்குக் கோடிகளில். கோடியை உள்ளே விட்டால் கிறீம் சந்தைக்கே வர முடியாது. கிறீமில் தண்ணீர் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் இருக்க வேண்டும், நாங்களும் தினமும் விரலை விடுகிறோம். பழுதாகாமல் இருக்க நுண்ணுயிர்களைக் கொல்லும் பொருளைச் சேர்த்தே ஆக வேண்டும். நல்ல பற்றீரியாவை விட்டுக் கெட்ட பற்றீரியாவை மட்டும் கொல்லும்படி அதற்குச் சொல்ல முடியாது.

அப்படியானால் முன்பக்கத்தில் ‘புரோபயோட்டிக்’ என்று எழுதியிருப்பது என்ன? எங்கள் ஆய்வுகூடத்துக்கு அது பிளாஸ்ரிக் கானில் வரும். இளமஞ்சள் நிறத் திரவம், மெல்லிய புளித்த மணம். பற்றீரியாவை வளர்த்துக் கொன்று, உடைத்து எடுத்த சாறு. போத்தலின் பின்பக்கத்தில் ‘லைசேற்’ என்ற சொல் இருந்தால் அது உடைக்கப்பட்ட கலங்களின் சாறு. ‘ஃபில்ரேற்’ என்று இருந்தால் பற்றீரியாவை வடித்து நீக்கிய பின் எஞ்சும் நொதித்த நீர். ‘லக்டோபசிலஸ் ஃபெர்மன்ற்’, ‘பிஃபிடா ஃபெர்மன்ற் லைசேற்’ என்பவை அடிக்கடி காணும் பெயர்கள். ‘கலக்டொமைசிஸ்’ என்று கண்டால் அது பற்றீரியாவே அல்ல, மதுவம் போன்ற ஒரு பங்கசு. இத்தகைய உயிரற்ற பொருட்களுக்குப் ‘போஸ்ட்பயோட்டிக்’ என்ற பெயருக்கு 2021 இல் விஞ்ஞானிகள் குழு ஒன்று வரைவிலக்கணம் எழுதியது. நன்மை நிரூபிக்கப்பட்டால் மட்டுமே அந்தப் பெயரும் பொருந்தும். ஆனால் கடைக்காரருக்குப் பழைய பெயர்தான் விற்கிறது.

இவ்வளவும் சொன்னதால் இதெல்லாம் ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். இறந்த பற்றீரியாவும் தோலுடன் பேசும். தோலின் கலங்கள் பற்றீரியாவின் உடைந்த சுவர்த் துண்டுகளையும் அடையாளம் காணக்கூடியவை. எதைக் கண்டு சீற வேண்டும், எதைக் கண்டு அடங்க வேண்டும் என்று அவற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. நான் நம்பி எடுத்துச் சொல்லக்கூடிய ஆய்வுகள் சில இருக்கின்றன.

முதலாவது எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் அதில் வருவது தயிரை உறைய வைக்கும் அதே ஸ்ட்ரெப்ரோகொக்கஸ் தேர்மோஃபிலஸ். இத்தாலிய ஆய்வாளர்கள் 1999 இல், இந்தப் பற்றீரியாவை ஒலியலைகளால் உடைத்துக் கிறீமில் கலந்து பூசியபோது, தோலில் செரமைட் கூடியதைக் காட்டினார்கள். அந்தப் பற்றீரியாவிடம் செரமைட்டைப் பிரித்தெடுக்கும் நொதியம் ஒன்று இருப்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். மதிலுக்குச் சாந்து! 2003 இல் எக்ஸிமா உள்ளவர்களிடமும் அதே விளைவைக் கண்டார்கள், ஆனால் அவர்கள் 11 பேர் மட்டுமே.

இரண்டாவது 2008 இல் வந்தது. விட்ரியோஸ்கில்லா ஃபிலிஃபோர்மிஸ் என்ற நீர்வாழ் பற்றீரியாவின் சாறு 5 வீதம் சேர்த்த கிறீமை எக்ஸிமா உள்ளவர்கள் 30 நாள் பூசினார்கள். மொத்தம் 75 பேர். அரைவாசிப் பேருக்குச் சாறு இல்லாத அதே கிறீம். யாருக்கு எது என்று பூசியவருக்கும் தெரியாது, பார்த்த வைத்தியருக்கும் தெரியாது. சாறு பெற்றவர்களுக்குக் கடியும் சிவப்பும் கூடுதலாகக் குறைந்தன. மூன்றாவது 2010 இல் வந்தது, எங்கள் தலைப்புக்கு நேரே உரியது. உணர்திறன் கூடிய தோல் உள்ள 66 பெண்கள், பிஃபிடோபற்றீரியம் லோங்கம் சாறு 10 வீதம் சேர்த்த கிறீம், நாளுக்கு இரண்டு தரம், இரண்டு மாதம். நான் முன்பு சொன்ன இலற்றிக்கமிலச் சோதனையில் அவர்களுக்கு எரிவு குறைந்தது.

இந்த 2008, 2010 ஆய்வுகளைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் ஒப்பனைப் பொருள் நிறுவனமொன்றின் சொந்த ஆய்வாளர்கள். அதனால் அவை பொய் என்று நான் சொல்லமாட்டேன், முறை சரியாகவே இருந்தது. ஆனால் தன் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் தானே திருத்தும் ரீச்சரை நாங்கள் எவ்வளவு தூரம் நம்புவோமோ அவ்வளவு தூரம் நம்பினால் போதும். சாறு இல்லாத கிறீமையும் ஏன் ஒப்பீட்டுக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். வெறும் கிறீமே ஈரத்தைத் தடுத்துப் பெரும்பங்கு வேலையைச் செய்துவிடும். சாறு அதற்கு மேல் ஒரு சிறு உதவி.

உயிருள்ள பற்றீரியாவைத் தோலில் விட்டுப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களின் தோலிலிருந்து எடுத்த ரோசியோமோனாஸ் மியூக்கோசா என்ற பற்றீரியாவை எக்ஸிமா உள்ளவர்களின் தோலில் தெளிக்கும் முறை 2018 இல் அமெரிக்காவில் நடந்த சிறு பரிசோதனையில் பெரிய நம்பிக்கை தந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்த கட்டப் பரிசோதனையின் முடிவு 2021 இல் வந்தபோது, மருந்தற்ற வெற்றுத் திரவத்தை அது வெல்லவில்லை. இந்தச் செய்தியைக் கொண்டாட ஒருவரும் வரவில்லை.

இனி நான் சொல்லப்போவது எனக்குச் சொல்ல விருப்பமில்லாத பகுதி.

நான்கு வருடங்களுக்கு முன் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. எங்கள் ஊரில் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாரோ ஓர் அன்ரி “கொஞ்சம் வெளிப்பாக இருந்தால் நல்லது” என்று சொல்லியிருக்கிறார். ஓர் அழகுநிலையத்தில் பெயரும் லேபலும் இல்லாத சிறு டப்பாவில் ஒரு கலவைக் கிறீம் கொடுத்தார்கள். இரண்டு கிழமையில் முகம் பளிச்சென்று வெளுத்தது. கலியாணப் படங்களில் பிள்ளை நல்ல வடிவு. எட்டு மாதம் விடாமல் பூசியிருக்கிறாள். பிறகு டப்பா முடிந்து இரண்டு நாள் பூசாமல் விட்டபோது முகம் தீப்பிடித்தது போல் எரிந்தது, சிவந்து வீங்கியது, பருக்கள் கிளம்பின. தண்ணீர் பட்டாலும் எரிவு. திரும்பப் பூசினால் அடங்கியது. அவளுக்கு அது ஒரு சங்கிலி ஆகிவிட்டது.

தோல் வைத்தியர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். அப்படியான கலவைகளில் பெரும்பாலும் இருப்பது பீற்றாமெதசோன், குளோபிற்றசோல் போன்ற வலுவான ஸ்டெரோயிட். அது முகத்துக்கு மாதக்கணக்கில் பூசுவதற்கானதல்ல. தோலை மெலிதாக்கி, மதிலையே கரைத்துவிடும். வேறு சில வெண்மைக் கிறீம்களில் இரசம் இருக்கிறது. அது தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரை போகும். இரசம் சேர்த்த ஒப்பனைப் பொருட்களை 2025 உடன் முற்றாக நிறுத்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 இல் தீர்மானித்தன. தீர்மானம் எங்கள் சந்தைக் கடைகளின் இறாக்கைகளை எட்டக் காலம் எடுக்கும்.

பிள்ளை வெட்கத்தில் எனக்குச் சொல்லவில்லை. இணையத்தில் தேடியிருக்கிறாள். ‘உணர்திறன் கூடிய தோலுக்குப் புரோபயோட்டிக்’ என்று வந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளிடமும் லண்டன் சிநேகிதியிடமும் சொல்லி ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து போத்தல் எடுப்பித்திருக்கிறாள். அவளுடைய கணவனின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவு. ஒன்றும் சரிவரவில்லை என்ற பிறகுதான் “பெரியம்மா, இதில எது நல்லது?” என்று ஐந்து போத்தலையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள்.

வரிசையில் கடைசிப் போத்தல் நான் தயாரித்தது.

அதன் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் புரோபயோட்டிக் என்று இருந்தது. உள்ளே அந்தச் சாறு அரை வீதத்துக்கும் குறைவு. விலை கட்டுப்படியாகவில்லை, ஆகவே பெயருக்குச் சேர்த்தால் போதும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். சட்டத்துக்கு அதில் பிழை ஒன்றும் இல்லை. நான் கலவைத் தாளில் கையெழுத்து வைத்தேன். அது போதாதென்று, விற்பனைப் பகுதியினர் கேட்டபடி ‘மென்மையான மலர் மணம்’ வருவதற்கு வாசனையும் சேர்த்தேன். கரைந்துபோன மதில் உள்ள ஒரு முகத்துக்கு வாசனைத் திரவியம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எரியும் முகத்தில் என் பெறாமகள் அதை ஒரு மாதம் பூசியிருக்கிறாள்.

அவளிடம் “ஐந்தையும் நிறுத்து” என்றேன். தோல் வைத்தியரிடம் அனுப்பினேன். ஸ்டெரோயிட் கிறீமை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும், நானோ அன்ரிமாரோ அல்ல. அவர் கொடுத்த மருந்துகளுடன், சவர்க்காரம் இல்லை, வாசனையற்ற ஒரு வெறும் கிறீம், வெயிலுக்குத் தொப்பியும் சன்ஸ்கிறீனும். அவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. இடையில் மூன்று தரம் திரும்ப எரிந்தது. இப்போது தண்ணீர் பட்டால் எரிவதில்லை. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் சில நின்றுவிட்டன, அவை முழுதாகப் போகுமென்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தக் கடைசிப் போத்தல் யார் தயாரித்தது என்பதை அவளுக்குப் போன மாதம்தான் சொன்னேன். சிரித்துவிட்டு, “அதில மணம் மட்டும் நல்லது பெரியம்மா” என்றாள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். எரியும் தோல் உள்ளவர்கள் முதலில் எதைச் சேர்ப்பது என்று பார்க்காமல் எதை நிறுத்துவது என்று பாருங்கள். முகத்துக்குச் சவர்க்காரம் வேண்டாம், சவர்க்காரமற்ற கழுவும் திரவம் ஒன்று போதும், அதுவும் மாலையில் ஒரு தரம். வாசனையற்ற சாதாரண ஈரக் கிறீம் ஒன்றை ஒரு மாதம் பூசிப் பாருங்கள். மலிவான வெள்ளை வசலினும் ஈரத்தை அடைத்து வைப்பதில் கெட்டிக்காரன்தான், எங்கள் வெக்கைக்கு முகத்தில் பிசுபிசுக்கும் என்பதுதான் குறை. அதிலேயே தோல் அடங்கிவிட்டால் உங்களுக்குப் பற்றீரியாச் சாறு தேவையில்லை. காசு மிச்சம்.

அடங்கிய பிறகும் அதைப் பாவித்துப் பார்க்க ஆசையாக இருந்தால், போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். பொருட்கள் அளவின் இறங்கு வரிசையில் இருக்கும், ஆனால் ஒரு வீதத்துக்குக் குறைந்தவற்றை எந்த ஒழுங்கிலும் எழுதலாம். அந்த ஒரு வீதக் கோட்டைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு சின்ன வித்தை உண்டு. ‘ஃபீனொக்சிஎதனோல்’ என்ற சொல்லைத் தேடுங்கள். கிறீம் பழுதாகாமல் காக்கும் பொருள் அது, ஐரோப்பியச் சட்டப்படி ஒரு வீதத்துக்கு மேல் போடக் கூடாது. உங்கள் ‘ஃபெர்மன்ற்’ அதற்குப் பின்னால் எழுதப்பட்டிருந்தால், அதுவும் ஒரு வீதத்தைத் தாண்டாது. ஆய்வில் பூசியது 10 வீதம் என்று சொன்னேன் அல்லவா? கணக்கை நீங்களே செய்யலாம். ‘பர்ஃபம்’ அல்லது ‘ஃபிராகிரன்ஸ்’ என்று கண்டால் திரும்ப வைத்துவிடுங்கள். ‘மெதைல்ஐசோதயசோலினோன்’ என்ற நீண்ட பெயரைக் கண்டாலும் அப்படியே. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை வைத்தியர்களின் சங்கம் 2013 இல் அதை அந்த வருடத்தின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பாவில் பூசி விடும் கிறீம்களில் அது 2017 இலிருந்து தடை. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படி ஒரு வரைவிலக்கணமும் இல்லை, கொம்பனி விரும்பினால் எழுதிக்கொள்ளலாம்.

வாங்கியபின் நேரே முகத்துக்குப் போகாதீர்கள். முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சிறு இடத்தில் காலையும் மாலையும் ஒரு கிழமை பூசுங்கள். அதில் கடி, சிவப்பு வராவிட்டால் முகத்துக்குப் போகலாம். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும். இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால் எது குற்றவாளி என்று பிறகு வழக்குப் பேச முடியாது.

கரப்பன் உள்ள குழந்தைகளுக்குத் தயிர், பால், கடலைமா பூசும் பாட்டிமார் இங்கே இருப்பீர்கள், நானும் இப்போது பாட்டிதான். உடைந்த தோலினூடாகச் சாப்பாட்டுப் புரதம் உள்ளே போனால், உடல் அதை எதிரியாகப் படித்துவிடக்கூடும். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சவர்க்காரம் ஒன்றைப் பாவித்த 2000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை பாணும் நூடில்ஸும் சாப்பிட்டு ஒன்றும் வராதவர்கள் அவர்கள். 2011 இல் அந்தச் சவர்க்காரத்தைத் திரும்பப் பெற்றார்கள். தயிரைப் பிள்ளைக்குச் சோற்றில் விட்டுக் கொடுங்கள்.

இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. லேபல் இல்லாத டப்பாவில் வரும் எந்தக் கிறீமையும் தொடாதீர்கள். அதை ஓர் அன்ரி தந்தாலும், கலியாண வீட்டுக்காரர் தந்தாலும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போங்கள். டப்பாவைக் காட்டினால் வைத்தியருக்கு வேலை சுலபம்.

நேரம் முடிகிறது என்று தலைவி பார்க்கிறார். நீங்கள் கைப்பையில் கொண்டுவந்த போத்தல்களை வெளியே விறாந்தையில் இருக்கும் நீள மேசையில் வையுங்கள். தேத்தண்ணீர் நேரத்தில் நானும், இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் நாலு பேரும் பூதக்கண்ணாடியுடன் அங்கே நிற்போம். பின்பக்கத்து எழுத்து மிகச் சின்னன், எங்கள் வயதுக்கு அது தேவை. ஒவ்வொன்றாக வாசிப்போம். அந்த மேசையின் மூலையில் ஒரு போத்தல் முன்பே இருக்கும். அது என்னுடையது. அதிலிருந்து தொடங்கலாம்.